ரவுட்டரும் குற்றப் பட்டியலில்: 2003 இல் அமெரிக்க மாநிலங்களின் 'சூப்பர் டிஎம்சிஏ' மசோதாக்களும் குடிமக்கள் எதிர்ப்பும்

2003 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அமெரிக்காவின் பல மாநிலச் சட்டமன்றங்களில், எண்ணும் பெயரும் மட்டும் மாறி, வாசகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்த மசோதாக்கள் அடுத்தடுத்துத் தாக்கலாயின. அவற்றின் தலைப்பில் பதிப்புரிமை என்ற பேச்சே இல்லை. தகவல் தொடர்புச் சேவையைத் திருடுவதைத் தடுப்பது, கேபிள் கம்பியில் கள்ள இணைப்புக் கொடுப்பவர்களையும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்குப் போலி அட்டை விற்பவர்களையும் தண்டிப்பது என்றுதான் உறுப்பினர்களுக்கு விளக்கப்பட்டது. ஏற்கெனவே இருந்த கேபிள் திருட்டுச் சட்டத்தைக் காலத்துக்கு ஏற்பப் புதுப்பிக்கும் சிறு திருத்தம் என்ற அளவில், யாருடைய கவனத்தையும் பெரிதாக ஈர்க்காமல் அவை நகர்ந்துகொண்டிருந்தன. மூல வரைவைக் கொடுத்தது ஹாலிவுட் நிறுவனங்களின் சங்கமான எம்பிஏஏவும் கேபிள் நிறுவனங்களும் இடம்பெற்ற ஒரு கூட்டணி என்பதும், அந்த வரைவின் வரையறைகள் வீட்டு மேசையில் இருக்கும் ரவுட்டர் வரைக்கும் எட்டுகின்றன என்பதும் மார்ச் மாதக் கடைசியில் பரவலாகத் தெரியவந்தபோதுதான் எதிர்ப்பு கிளம்பியது. 1998 ஆம் ஆண்டின் மத்தியப் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவை நினைவூட்டி, எதிர்த்தவர்கள் இந்த மசோதாக்களுக்கு வைத்த பெயர் 'சூப்பர் டிஎம்சிஏ'.

இந்த நிகழ்வை விரிவாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதில் வென்ற குடிமக்கள், பதிப்புரிமை நல்லதா கெட்டதா என்ற வாதத்தில் வெல்லவில்லை. பெரும்பாலும் அந்த வாதத்துக்குள் அவர்கள் போகவே இல்லை. மசோதாவின் வரையறைப் பிரிவைச் சொல் சொல்லாகப் படித்து, அந்தச் சொற்களுக்குள் எந்தெந்தச் சாதாரணப் பொருள்கள் அடங்கிவிடுகின்றன என்பதை உறுப்பினர்களின் முன் எடுத்துவைத்தார்கள். அந்த வேலை உரிய நேரத்தில் நடந்த மாநிலங்களில் மசோதா நின்றது. படிப்பதற்கு ஆள் வருமுன்பே நடவடிக்கைகள் முடிந்துவிட்ட இடங்களில் அது சட்டமாகவே வந்து அமர்ந்தது.

மத்திய சட்டம் இருக்க, மாநிலம் எதற்கு

1998 அக்டோபரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், சுருக்கமாக டிஎம்சிஏ, அமெரிக்கா முழுமைக்கும் பொருந்தும் மத்திய சட்டம். பதிப்புரிமை உள்ள படைப்பைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையும், உடைக்கும் கருவியை விற்பதையும் அதன் 1201 ஆம் பிரிவு தடை செய்தது. அந்தச் சட்டமே அளவு மீறியது என்ற குற்றச்சாட்டு அன்றே இருந்தது, இன்றும் இருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனும் அவருடைய குழுவினரும் இசைத் துறையின் பாதுகாப்பு முறைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையை, வழக்குத் தொடரப்படலாம் என்ற எச்சரிக்கைக் கடிதம் வந்ததால், 2001 ஏப்ரலில் மாநாட்டிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில், லாஸ் வேகாஸில் நடந்த மாநாட்டில் பேச வந்திருந்த ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்ளியரோவ் இந்தச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அவர் வேலை பார்த்த எல்கம்சாஃப்ட் நிறுவனத்தை 2002 டிசம்பரில் ஜூரி விடுவித்தது.

ஆயினும் டிஎம்சிஏவில் சில வாசல்கள் திறந்தே விடப்பட்டிருந்தன. இரண்டு நிரல்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்காக ஒன்றைப் பிரித்து ஆராய்வதற்கும், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்தைப் பற்றிய ஆய்வுக்கும், பாதுகாப்புச் சோதனைக்கும், இலாப நோக்கில்லாத நூலகங்களுக்கும் அதில் விதிவிலக்கு உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய விலக்குகளைக் கேட்டுப் பெறும் ஏற்பாடும் உண்டு. அவை போதாது என்பவர்களுடன் எனக்கு உடன்பாடுதான். இருந்தாலும், பல ஆண்டுகள் பல தரப்பும் முட்டி மோதிப் பெற்ற விலக்குகள் அவை என்பதை மறக்கக் கூடாது. மாநில மசோதாக்களில் இவற்றில் ஒன்றுகூட இடம்பெறவில்லை. மத்திய சட்டத்தில் விட்டுக்கொடுத்ததையெல்லாம் ஒவ்வொரு மாநிலமாகச் சென்று திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியாக அவை அமைந்தன என்று எதிர்த்தவர்கள் சொன்னது மிகையல்ல.

மாநிலங்களை நாடியதற்கு இன்னொரு பின்னணியும் இருக்கிறது. 2002 மார்ச்சில் செனட்டர் ஃபிரிட்ஸ் ஹாலிங்ஸ், எல்லா டிஜிட்டல் கருவிகளிலும் நகலெடுப்பைத் தடுக்கும் பொறிமுறை கட்டாயம் இருக்க வேண்டும் என்ற மசோதாவை வாஷிங்டனில் கொண்டுவந்தார். கணினி நிறுவனங்களும் நுகர்வோர் அமைப்புகளும் கடுமையாக எதிர்க்கவே அது முன்னேறவில்லை. தலைநகரில் தொழில்நுட்பத் துறைக்கு ஆள் பலம் இருந்தது. ஐம்பது மாநிலத் தலைநகரங்களிலும் இல்லை. பல மாநிலங்களில் சட்டமன்றம் பகுதிநேர அமைப்பு. டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 140 நாள் மட்டும் கூடும். கொலராடோவில் ஆண்டுக்கு 120 நாள். அந்தக் குறுகிய காலத்துக்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்களைப் பார்க்க வேண்டிய உறுப்பினர், 'கேபிள் திருட்டு' என்று தலைப்பிட்ட ஒன்றின் வரையறைப் பிரிவை வரி வரியாகப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கே அரசமைப்புச் சிக்கல் ஒன்றும் உண்டு. அமெரிக்க அரசமைப்பின்படி பதிப்புரிமைச் சட்டம் இயற்றுவது மத்திய நாடாளுமன்றத்தின் வேலை. 1976 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒரு படி மேலே போய், பதிப்புரிமைக்கு நிகரான எந்த உரிமையையும் மாநிலச் சட்டம் உருவாக்க முடியாது என்று 301 ஆம் பிரிவில் அடைத்துவிட்டது. ஆகவே மாநிலத்துக்குள் நுழைய வேண்டுமானால் பதிப்புரிமை என்ற அடையாளத்தை விட்டுவிட்டு, மாநிலத்துக்கு உரிமை உள்ள வேறொரு வாசலைப் பிடிக்க வேண்டும். 'சேவைத் திருட்டு' அப்படிப்பட்ட வாசல். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. இந்திய அரசமைப்பில் பதிப்புரிமை மத்தியப் பட்டியலின் 49 ஆம் இனம். ஆனால் தமிழ்நாடு 2004 இல் திருட்டு விசிடிக்காரர்களை 1982 ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் சேர்த்தது. பொது ஒழுங்கைக் காக்க முன்தடுப்புக் காவல் என்ற வாசல் வழியாகப் பதிப்புரிமை மீறல் உள்ளே வந்தது; விளைவாக, விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரை அடைத்து வைக்க வழி பிறந்தது. கர்நாடகம் 2014 இல் 'டிஜிட்டல் குற்றவாளி' என்ற வகையைத் தன் குண்டர் சட்டத்தில் சேர்த்தபோதும் இதுவே நடந்தது. வாசல் மாறும்போது, பதிப்புரிமைச் சட்டத்துக்குள் இருக்கும் நியாயமான பயன்பாடு போன்ற காப்புகள் கூடவே வருவதில்லை. நான் கவலைப்படுவது முக்கியமாக அதைப் பற்றித்தான்.

வரையறைப் பிரிவு சொன்னது

பழைய கேபிள் திருட்டுச் சட்டங்கள் எளியவை. காசு கொடுக்காமல் சேவையைப் பெறும் நோக்கத்தோடு ஒருவர் கருவியைப் பயன்படுத்தினால் குற்றம். புதிய மாதிரி வரைவு மூன்று இடங்களில் இதை மாற்றியது.

முதலாவது, 'தகவல் தொடர்புச் சேவை' என்பது கேபிளும் தொலைபேசியும் மட்டுமல்ல. கட்டணத்துக்கு வழங்கப்படும் எந்தக் குறியீடு, தரவு, எழுத்து, படம், ஒலி ஆகியவற்றின் பரிமாற்றமும் அதற்குள் வந்தது. இணையத்தின் வழியே நடக்கும் வணிகத்தில் ஏறத்தாழ எல்லாமே இதில் அடங்கும். 'தகவல் தொடர்புக் கருவி' என்பதிலும் அப்படியே: பெட்டி, கம்பி, சில்லு, மென்பொருள் எதுவானாலும் சரி, அத்தகைய பரிமாற்றத்தைப் பெறவோ அனுப்பவோ மறைவிலக்கவோ திறன் இருந்தால் போதும்.

இரண்டாவது, சேவை நிறுவனத்தின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் அந்தச் சேவையைப் பெறும், இடைமறிக்கும், மறுபரிமாற்றம் செய்யும் கருவியைச் செய்வதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றமாயின. இந்த ஒரு சொல்மாற்றத்தின் கனத்தை உணர வேண்டுமானால் பழைய வரலாறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தொலைபேசி ஏகபோகமாக இருந்த ஏடி அண்ட் டி நிறுவனம், தன் கம்பியில் தான் கொடுக்காத எந்தக் கருவியையும் இணைக்கக் கூடாது என்று பல ஆண்டுகள் தடுத்துவந்தது. டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், இருவழி வானொலியைத் தொலைபேசியோடு சேர்க்கும் 'கார்ட்டர்ஃபோன்' என்ற கருவியை விற்றபோது வழக்கு எழுந்தது. வலைப்பின்னலுக்குத் தீங்கு செய்யாத கருவியை வாடிக்கையாளர் தாமே இணைத்துக்கொள்ளலாம் என்று மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 1968 இல் தீர்ப்பளித்தது. பதிலளிக்கும் இயந்திரம், ஃபேக்ஸ், மோடம் ஆகியவை நிறுவனத்திடம் கைகட்டி நிற்காமல் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததற்கு அந்தத் தீர்ப்பு அடிப்படை. தடை செய்யப்படாதது எல்லாம் செய்யலாம் என்பது அதன் உள்ளடக்கம். அனுமதிக்கப்படாதது எல்லாம் குற்றம் என்பது 2003 மாதிரி வரைவின் உள்ளடக்கம். முப்பத்தைந்து ஆண்டுகளாக நிலைத்திருந்த ஒரு உரிமை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே தலைகீழாகிவிட்டிருக்கும்.

மூன்றாவது மாற்றம்தான் மக்களைத் திடுக்கிட வைத்தது. ஒரு தகவல் பரிமாற்றம் நடக்கிறது என்பதையோ, அது எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதையோ சேவை நிறுவனத்திடமிருந்து மறைப்பது குற்றம் என்று தனியே ஒரு பிரிவு இருந்தது. செல்பேசி எண்ணைப் போலியாக்கிப் பிறர் கணக்கில் பேசுபவர்களைப் பிடிக்க எழுதியது என்று சொன்னார்கள். ஆனால் இணையத்தின் அன்றாட வேலைகளில் பாதி, ஏதோ ஒரு வகையில் புறப்படும் இடத்தையோ போய்ச் சேரும் இடத்தையோ மறைக்கின்றன.

வீட்டு ரவுட்டரையே பார்ப்போம். இணைய நிறுவனம் ஒரு வீட்டுக்குக் கொடுப்பது ஒரே ஒரு முகவரி. வீட்டுக்குள் மூன்று கணினிகள் இருந்தால், ரவுட்டர் அவற்றுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைத் தானே கொடுத்துக்கொள்கிறது. ஒரு கணினி வெளியே ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, அந்தக் கோரிக்கையின் தலைப்பில் உள்ள உள்முகவரியை ரவுட்டர் அழித்துவிட்டு, வீட்டுக்கு உரிய பொது முகவரியை எழுதி அனுப்புகிறது. எந்தக் கோரிக்கை எந்தக் கணினியுடையது என்பதைத் தன்னிடம் ஒரு அட்டவணையில் குறித்துக்கொண்டு, பதில் வந்ததும் முகவரியைத் திருப்பி மாற்றி உள்ளே அனுப்புகிறது. பெரிய கூட்டுக் குடும்பத்தில் எல்லோருடைய கடிதமும் ஒரே கதவு எண்ணுக்கு வருவதைப் போன்றது இது. நிறுவனத்தின் பக்கம் இருந்து பார்த்தால் உள்ளே எத்தனை கணினி, எந்தக் கணினி பேசுகிறது என்று தெரியாது. அதாவது புறப்பட்ட இடம் மறைக்கப்பட்டிருக்கிறது. கடையில் விற்ற ரவுட்டர்கள் மட்டுமல்ல, விண்டோஸ் 98 இன் இரண்டாம் பதிப்பிலிருந்தே விண்டோஸில் இருந்த இணைப்புப் பகிர்வு வசதியும் இதைத்தான் செய்தது. இந்தப் பிரிவைச் சொல்லுக்குச் சொல் பொருத்தினால் கடைக்காரர், வாங்கியவர், மென்பொருள் எழுதியவர் மூவருமே மாட்டுவார்கள்.

மார்ச் 26 அன்று இதே ஃபெல்டன், மாசசூசெட்ஸ், டெக்சாஸ் மசோதாக்களின் வாசகத்தை எடுத்து இந்த விளைவை வெளிப்படையாக எழுதினார். மின்னஞ்சலை மறையாக்கப்பட்ட இணைப்பின் வழியே அனுப்பினால் அனுப்புநரும் பெறுநரும் யார் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. அதுவும் குற்றமாகிவிடும் என்று அவர் சுட்டினார். ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வால், வெளியிலிருந்து அலுவலக வலைப்பின்னலோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன், பெயரை மறைத்து உலாவும் சேவைகள் என்று பட்டியல் நீண்டது. இவற்றில் சில, பாதுகாப்புக்காக வங்கிகளும் நிறுவனங்களும் தம் ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கியிருந்த நடைமுறைகள்.

தண்டனைப் பகுதியும் இலேசானதல்ல. ஒவ்வொரு கருவியும் தனித்தனிக் குற்றமாகக் கணக்கிடப்படும். குற்ற வழக்கு ஒருபுறமிருக்க, நிறுவனங்கள் நேரடியாக உரிமையியல் வழக்கும் போடலாம். உண்மையில் எவ்வளவு நட்டம் என்று நிரூபிக்காமலேயே கருவி ஒன்றுக்கு 1,500 முதல் 10,000 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம் என்று மாதிரி வரைவு சொன்னது. கருவியைப் பறிமுதல் செய்து அழிக்கவும் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

மிச்சிகன்

எதிர்ப்பு எழுவதற்கு முன்பே பென்சில்வேனியா, டெலாவேர், இல்லினாய், மேரிலாந்து உள்ளிட்ட சில மாநிலங்களில் இந்த வரைவின் வடிவங்கள் சட்டமாகிவிட்டன. அவற்றில் மிச்சிகனைத் தனியே பார்க்க வேண்டும். அங்கே 2002 இன் 672 ஆம் எண் சட்டம் அந்த ஆண்டின் கடைசியில் நிறைவேறி, 2003 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. தகவல் தொடர்பின் புறப்படும் இடத்தையோ சேரும் இடத்தையோ மறைக்கும் கருவியைச் செய்வதும், உருவாக்குவதும், வைத்திருப்பதும்கூட நான்கு ஆண்டு வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் விதிக்கத்தக்க பெருங்குற்றமாயின.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருந்தவர் நீல்ஸ் புரோவோஸ். படக் கோப்புகளுக்குள் செய்தியை மறைத்து வைக்கும் உத்தியையும், அப்படி மறைத்திருப்பதைக் கண்டுபிடிக்கும் உத்தியையும் அவர் ஆராய்ந்துவந்தார். ஹனிடி என்ற இன்னொரு மென்பொருளையும் எழுதியிருந்தார். ஒரே கணினியிலிருந்து, வலைப்பின்னலில் இல்லவே இல்லாத பல கணினிகள் இருப்பதுபோலக் காட்டி, ஊடுருவ வருபவர்களை அவற்றிடம் பேசவைத்து, அவர்களுடைய முறைகளைப் பதிவு செய்யும் கருவி அது. பொய்யான இடத்திலிருந்து பேசுவதுபோலக் காட்டுவதுதான் அதன் வேலையே. மத்திய டிஎம்சிஏவில் மறையாக்க ஆய்வுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் விலக்கு உண்டு. மிச்சிகன் சட்டத்தில் ஆய்வாளருக்கு அத்தகைய விலக்கு இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்ததும் தம் ஆய்வுக் கட்டுரைகளையும் மென்பொருளையும் அவர் நெதர்லாந்தில் இருந்த சர்வருக்கு மாற்றினார்.

அவர் மீது யாரும் வழக்குப் போடவில்லை. கைது செய்ய வந்தவர்களும் இல்லை. அளவு மீறிய சட்டத்தின் முதல் பலன் பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும். சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவரும், அதற்குக் கட்டுப்பட நினைப்பவரும் தாமாகவே பின்வாங்குகிறார்கள். போலி அட்டை விற்பவன் மிச்சிகன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தொழிலை நிறுத்தியிருப்பான் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வலைப்பின்னல்களை எப்படிக் காப்பது என்று ஆராய்ந்த மாணவர் தம் வேலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனார் என்பது மட்டும் நடந்த உண்மை.

எதிர்ப்பின் வழி

மிச்சிகன் செய்தியும் ஃபெல்டனின் விளக்கமும் ஒரே வாரத்தில் பரவின. இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன், சுருக்கமாக இஎஃப்எஃப், மாதிரி வரைவைப் பிரிவு பிரிவாக விமர்சித்து, எந்த மாநிலத்தில் எந்த எண்ணில் மசோதா இருக்கிறது என்ற தகவலையும் தொகுத்து வெளியிட்டது. எண் தெரிந்தால்தான் எந்தக் குழுவிடம், எந்தத் தேதியில் போய்ப் பேச வேண்டும் என்பது தெரியும். நாடு தழுவிய கோபத்தைவிட அந்தத் தொகுப்பு அதிகம் பயன்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. மாநில அளவிலான தொழில்நுட்பச் சட்டங்களைக் குடிமக்கள் எதிர்கொண்டது அது முதல் முறையும் அல்ல. மென்பொருள் ஒப்பந்தங்களை விற்பவருக்குச் சாதகமாக்கிய யூசிஐடிஏ என்ற மாதிரிச் சட்டத்தை 2000 இல் வர்ஜீனியாவும் மேரிலாந்தும் ஏற்ற பிறகு, நூலகங்களும் நுகர்வோர் குழுக்களும் எதிர்த்து, வேறு எந்த மாநிலமும் அதை ஏற்காமல் தடுத்திருந்தார்கள். ஐயோவா போன்ற சில மாநிலங்கள் அதன் விளைவிலிருந்து தம் குடிமக்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றின.

மாசசூசெட்ஸ் மசோதாவின் பொது விசாரணை ஏப்ரல் தொடக்கத்தில் பாஸ்டனில் நடந்தது. டெக்சாஸில் ஆஸ்டின் நகரின் இணைய உரிமைக் குழுவினர் முன்னணியில் நின்றார்கள். அங்கே சட்டமன்றக் காலம் ஜூன் 2 அன்று முடிந்துவிடும் என்பதால், மசோதாவைத் தோற்கடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வாக்கெடுப்புக்கு வராமல் தாமதித்தாலே இரண்டு ஆண்டுகளுக்கு அது செத்தது போலத்தான். அப்படியே நடந்தது. டென்னசியில் டென்னசி டிஜிட்டல் ஃப்ரீடம் நெட்வொர்க் என்ற பெயரில் உள்ளூர்க் குடிமக்கள் ஒன்றுசேர்ந்தார்கள். இசைத் தொழிலின் முக்கிய மையமான நாஷ்வில்தான் அந்த மாநிலத்தின் தலைநகரும்கூட. பதிப்புரிமைத் துறையின் குரல் அங்கே சட்டமன்றத்தின் வாசலிலேயே ஒலிக்கும். அப்படிப்பட்ட ஊரில், மசோதா அந்தக் கூட்டத்தொடரில் நிறைவேறாமல் நிறுத்தப்பட்டதைப் பெரிய காரியமாகவே எண்ண வேண்டும்.

எதிர்ப்பின் அழுத்தத்தால் எம்பிஏஏ தரப்பு ஏப்ரலில் தன் மாதிரி வரைவைத் திருத்தியது. 'சேவை நிறுவனத்தை ஏமாற்றும் நோக்கத்தோடு' என்ற தொடர் சேர்க்கப்பட்டது. பலர் இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஏமாற்றுவது என்றால் என்ன என்று வரைவு விளக்கவில்லை. ஒரு இணைப்புக்கு ஒரு கணினிதான், கூடுதல் கணினிக்குத் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்த கேபிள் நிறுவனங்கள் அன்று இருந்தன. அந்த ஒப்பந்தத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, ரவுட்டர் வாங்கி இரண்டாவது கணினியை இணைத்தவர் நிறுவனத்தை ஏமாற்றியவரா? ஒப்பந்த மீறல் என்பது பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டிய உரிமையியல் விவகாரம். அதைச் சிறைக்குப் போகும் குற்றமாக்கும் அதிகாரம், ஒப்பந்தத்தை எழுதும் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. திருத்தத்துக்குப் பிறகும் எதிர்ப்பைத் தொடர்ந்தவர்கள் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டது சரியான முடிவு.

கொலராடோவில் கதை வேறு திசையில் போனது. அங்கே 1303 ஆம் எண் மசோதா இரு அவைகளையும் கடந்து ஆளுநரின் மேசைக்கே வந்துவிட்டது. குடிமக்களும் தொழில்நுட்பத் துறையினரும் ஆளுநர் பில் ஓவன்ஸிடம் தங்கள் ஆட்சேபத்தைக் கொண்டுசென்றார்கள். 2003 மே மாதத்தில் அவர் ஒப்புதல் மறுத்து மசோதாவைத் திருப்பி அனுப்பினார். தகவல் தொடர்புப் பாகங்களைச் செய்பவர்கள் முதல் சேவையை விற்பவர்கள் வரை, உயர்தொழில்நுட்பத் துறையில் சட்டப்படி நடப்பவர்களின் செயல்களையும் இது முடக்கிவிடக் கூடும் என்பதே அவர் சொன்ன காரணம். ஓவன்ஸ் குடியரசுக் கட்சிக்காரர், வணிகத்துக்கு ஆதரவானவர் என்று அறியப்பட்டவர். கட்சிக் கோட்டின்படி இந்த எதிர்ப்பு அமையவில்லை என்பதற்கு அவருடைய மறுப்பே சாட்சி.

எல்லா இடத்திலும் வென்றார்கள் என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு ஆர்கன்சா இதை ஏற்றுக்கொண்டது.

'யார் வழக்குப் போடப்போகிறார்கள்?'

மசோதாவை ஆதரித்தவர்கள் தொடர்ந்து ஒரு பதிலைச் சொன்னார்கள்: வீட்டில் ரவுட்டர் வைத்திருப்பவர் மீது எந்த அரசு வழக்கறிஞரும் வழக்குப் போட மாட்டார், இவை கற்பனை அச்சங்கள். இந்தப் பதிலை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அரசு வழக்கறிஞர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மசோதா வழக்குப் போடும் உரிமையை அரசு வழக்கறிஞருக்கு மட்டும் கொடுக்கவில்லை, நிறுவனங்களுக்கும் கொடுத்தது. நிறுவனம் அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு அந்த ஆண்டுகளிலேயே கண்முன் ஓர் உதாரணம் இருந்தது.

செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனமான டைரக்டிவி, ஸ்மார்ட் அட்டைகளில் எழுதும் கருவிகளை விற்ற கடைகளின் வாடிக்கையாளர் பட்டியல்களைக் கைப்பற்றி, அதில் பெயர் இருந்தவர்களுக்கெல்லாம் மத்தியச் சட்டங்களைக் காட்டிக் கடிதம் அனுப்பியது. சில ஆயிரம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வழக்கு என்பதே கடிதத்தின் சாரம். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்கும் தொடரப்பட்டது. அந்தக் கருவிகளுக்குக் கணினிப் பாதுகாப்பு, நுழைவு அட்டை தயாரிப்பு என்று சட்டப்படியான பயன்களும் உண்டு. வாங்கியவர் அதைக் கொண்டு தொலைக்காட்சி பார்த்தாரா என்பது பல வழக்குகளில் காட்டப்படவே இல்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் சமரசத் தொகையைவிடக் கூடுதல் என்பதால், குற்றம் செய்யாதவருக்கும் பணத்தைக் கட்டிவிடுவதே மலிவாகிப்போனது. கருவியை வைத்திருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக வழக்குத் தொடர்வதை விட்டுவிடுவதாக, இஎஃப்எஃப் மற்றும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் இணையச் சட்ட மையத்துடன் பேசியபின், 2004 இல்தான் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

'வைத்திருப்பது' என்ற சொல்லும், நட்டத்தை நிரூபிக்காத இழப்பீடும் ஒரே சட்டத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கத் தேவையில்லாமல் இந்த விவகாரம் காட்டியது. நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பி எழுதப்பட்ட சட்டத்தை எதிர்த்தவர்கள் மிகையாகப் பயந்தார்கள் என்று பின்னால் சிலர் எழுதியதை நான் ஏற்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து டென்னசி

டென்னசியில் இதன் தொடர்ச்சி போன்ற ஒன்று 2011 இல் நடந்தது. சேவைத் திருட்டுச் சட்டத்தில் சந்தா அடிப்படையிலான பொழுதுபோக்குச் சேவைகளையும் சேர்க்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநர் பில் ஹாஸ்லம் கையெழுத்திட்டு, ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ அதற்கு ஆதரவாக நின்றது. திருட்டின் மதிப்பு 500 டாலர் அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஓராண்டு வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும். மதிப்பு கூடினால் பெருங்குற்றம். 2003 இன் வரைவோடு ஒப்பிட்டால் இதன் எல்லை மிகக் குறுகியது. புறப்படும் இடத்தை மறைப்பது பற்றியோ, கருவிகளுக்கு வெளிப்படையான அனுமதி வேண்டும் என்பது பற்றியோ அதில் ஒன்றும் இல்லை; ரவுட்டரும் மறையாக்கமும் அதில் சிக்கவில்லை. அந்த அளவுக்கு 2003 இன் எதிர்ப்பு பலன் தந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவையின் பாஸ்வேர்டை வேறு வீட்டில் இருக்கும் மகளுக்கோ நண்பருக்கோ கொடுப்பது எந்த இடத்தில் குற்றமாக மாறுகிறது என்பதை வாசகம் தெளிவாக வகுக்கவில்லை. கேட்டபோது ஆதரவாளர்கள் சொன்ன விளக்கம், பாஸ்வேர்டுகளை மொத்தமாகத் திருடி விற்பவர்களே இலக்கு என்பதுதான். அந்த இலக்கைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதியிருக்க முடியும்; எழுதவில்லை.